சிம்பலைப் பற்றி நீ எழுதவேயில்லை

ராயபுரம்
16.06.2024

அன்புத் தங்கச்சி ரூத்துக்கு,

ஜானட் எழுதுகிறேன். இங்கே எல்லோரும் சுகம். உனக்கு அங்கே சோறு இறங்குகிறதா, தண்ணீர் ஒத்துக்கொண்டதா? சித்தி தினம் ஒரு வேளை அழுகிறாள். நீ கன்னியர் மடத்துக்குப் போய் ஒரு மாதமாகியும் உனக்கும் சேர்த்தே டீ போட்டுவிடுகிறாளாம். அதனால் வரும் அழுகை, கோபம் இல்லை.

கோபம் எனக்குத்தான். நாலு பேர் சேர்ந்து 'நாலாம் கேட்' என்று பேண்ட் ஆரம்பித்து, ஆறு வருடம் ஊர் ஊராக வாசித்துவிட்டு, முதல் ஆல்பம் ரெக்கார்டிங் நெருங்கும்போது பாடுகிறவள் திண்டுக்கல் மலையடிவாரத்துக்குத் துறவியாகப் போய்விட்டால், டிரம்ஸ் வாசிக்கிறவள் என்ன செய்வாள்? சரி, விடு. பாஸ் கிட்டார் திலீப்பே இப்போது பாடவும் செய்கிறான். தௌசீஃப் கிட்டாரோடு வந்து வழக்கம்போல எல்லாவற்றுக்கும் 'சூப்பர்' சொல்கிறான். ஜனவரியில் மாதவரத்து ஸ்டுடியோவில் ரெக்கார்டிங்.

போனை வாங்கி வைத்துக்கொண்டார்கள் என்று சித்தி சொன்னாள். நீ ஒரு வருடம் ராக் கேட்காமல் இருப்பதை என்னால் நினைத்துப் பார்க்க முடியவில்லை. அதனால் ஒன்று செய்கிறேன். வருகிற நல்ல ஆல்பங்களை நான் கேட்டு, உன் காதில் விழுகிற மாதிரி எழுதுகிறேன்.

முதலில் ஷில்லாங் 'வெட் மேட்சஸ்'. புது ஆல்பம் பெயர் 'ஸ்லோ கெரசின்'. ஆரம்பத்தில் ஹை-ஹாட் சிம்பல் தட்டின் ஒலி மட்டும் தனியாக வருகிறது, பக்கத்து அறையில் யாரோ அரிசி புடைக்கிற மாதிரி. இரண்டாவது பாட்டில் கிட்டார் மாஞ்சா நூல் காற்றில் முனகுவதுபோல அவ்வளவு மெலிசு. அந்தப் பெண் ஒவ்வொரு வரிக்கு முன்னாலும் மூச்சிழுப்பது கேட்கிறது, வெட்டாமல் விட்டிருக்கிறார்கள். கடைசிப் பாட்டு மட்டும் வீண், மேடைப் பேச்சு. மற்றபடி முதல் ஆல்பத்தைவிட இதுதான் உசத்தி. சண்டைக்கு வருவாய், வா.

உடம்பைப் பார்த்துக்கொள்.
ஜானட்


நவகன்னியர் இல்லம்
07.07.2024

இயேசுவுக்கே புகழ்!

அன்பு அக்கா, நான் நலம். பெரியம்மா, பெரியப்பா சுகமா? உனக்கு ஷிப்ட் எப்படிப் போகிறது? இங்கே விடியுமுன் ஐந்து மணிக்கு எழுப்புகிறார்கள். ஐந்து மணிக்கு நான் படுத்த நாட்கள் உண்டு என்பது இங்கே யாருக்கும் தெரியாது. இப்போது தெரிந்திருக்கும், ஏனென்றால் எங்கள் கடிதங்களைப் பயிற்சித் தலைவி சிஸ்டர் தங்கபுஷ்பம் படித்த பிறகே அனுப்புவார். உன் கடிதத்தையும் படித்துவிட்டு, "திலீப் என்பவர் எந்த பஸ் பாஸை வாசிக்கிறார்?" என்று கேட்டார். விளக்கினேன். தலையாட்டினார்.

எங்களுக்கு மாதம் ஒரு கடிதம்தான் எழுத அனுமதி. அம்மாவுக்கும் உனக்கும் மாற்றி மாற்றி எழுதுவேன்.

சண்டைக்கு வந்துவிட்டேன். முதல் ஆல்பத்தை மட்டம் தட்டாதே. அதில் அவர்கள் பயமில்லாமல் தப்பு செய்தார்கள். நீ எழுதியதைப் பார்த்தால் இதில் எல்லாவற்றையும் துடைத்து அடுக்கியிருக்கிறார்கள் என்று தோன்றுகிறது. ஆனாலும் அந்த அரிசி புடைக்கும் சத்தத்தை நான் மூன்று நாள் கேட்டுக்கொண்டிருந்தேன். சாப்பாட்டு அறையில் சிரித்துவிட்டேன். அடுத்ததை எழுது.

உனக்காக ஜெபிக்கும்
ரூத்


ராயபுரம்
11.08.2024

அன்பு ரூத்,

சுகம்தானே? இங்கே சுகத்துக்குக் குறைவில்லை, தூக்கத்துக்குத்தான் குறைவு. மணலி கம்பெனியில் எங்கள் கம்ப்ரசர் ஹவுஸுக்குப் புது மெஷின் ஒன்று வந்திருக்கிறது. பழையதைவிட இரண்டு மடங்கு அலறுகிறது. ஆள் குறைவு என்று எனக்கு வாரத்தில் இரண்டு நாள் டபுள் ஷிப்ட். கூட வேலை செய்கிற பவானி அக்கா எதையாவது சொல்ல வேண்டுமென்றால் தோளைத் தட்டித்தான் சொல்கிறாள்.

இந்த மாதம் மதுரை 'தெருவிளக்குக் கமிட்டி'. ஆல்பம் 'மூன்றாம் நம்பர் தண்ணி லாரி'. ஊரே தூக்கி வைத்துக் கொண்டாடுகிறது. எனக்குப் பிடிக்கவில்லை. பாடுகிறவன் வார்த்தையை மென்று விழுங்குகிறான். 'சாலை'யா 'ஆலை'யா, 'தாகம்' என்கிறானா 'ஆகும்' என்கிறானா, ஒன்றும் புரியவில்லை. ஹை-ஹாட் இருக்கிறதா என்றே தெரியவில்லை. மிக்ஸ் செய்தவன் போர்வையைப் போட்டு மூடிவிட்டான். பாஸ் மட்டும் நன்றாக இருக்கிறது, லாரி நிஜமாகவே தெருவுக்குள் வருகிற மாதிரி.

தௌசீஃபிடம் சொன்னேன். "இன்னா மாமு சொல்றே, கண்ணாடி மாரி கீதே!" என்றான். அவன் எதைத்தான் நல்லா இல்லை என்பான்?

நீயே கேட்டுவிட்டு மறுக்க உனக்கு வழியில்லை என்பது இன்று எனக்கு ரொம்ப வசதி.

ஜானட்


நவகன்னியர் இல்லம்
01.09.2024

இயேசுவுக்கே புகழ்!

அன்பு அக்கா, நலம், நலமறிய ஆவல். டபுள் ஷிப்டை எப்போது நிறுத்துவார்கள்? சாப்பாட்டுக்காவது நேரம் கொடுக்கிறார்களா?

மதுரைக்காரர்களை நீ திட்டியது எனக்கு ஆச்சரியம். போன வருடம் எழும்பூரில் அவர்கள் வாசித்தபோது நீதானே முன்வரிசையில் நின்று, அந்தப் பையன் 'ழ' சொல்கிற அழகுக்கே காசு கொடுக்கலாம் என்றாய்? ஒரே வருடத்தில் மென்று விழுங்க ஆரம்பித்துவிட்டானா? வேறு இயர்ஃபோனில் ஒரு தடவை கேட்டுப் பார்க்கிறாயா?

இங்கே பூசைக்கு ஆர்மோனியம் வாசிக்கச் சொல்லியிருக்கிறார்கள். தாளம் பிடிக்க ஆளில்லை. உன் நினைவு வந்தது.

ரூத்


ராயபுரம்
29.09.2024

அன்பு ரூத்,

எல்லோரும் சுகம். உன் ஆர்மோனியம் சுகமா? நாலு இயர்ஃபோன் மாற்றிப் பார்த்துவிட்டேன். மதுரை மதுரையாகவேதான் இருக்கிறது.

ஆனால் இந்த மாதம் நான் சந்தோஷமாக இருக்கிறேன். நம்ம எண்ணூர்ப் பசங்கள் 'சாம்பல் குளம்' ஆல்பம் போட்டுவிட்டார்கள். 'வெள்ளைத் தரை' என்று பெயர். வள்ளூர் அனல்மின் நிலையத்துச் சாம்பல் கொட்டுகிற இடத்துக்குப் பக்கத்திலேயே வளர்ந்தவர்கள். பாஸ் நெஞ்சில் வந்து இடிக்கிறது. கிக் டிரம் கப்பலில் சரக்கு இறக்குகிற கனம். கால் வழியாக ஏறுகிறது ரூத், சத்தியமாகத் தரையில் உட்கார்ந்து கேட்டேன். கிட்டார் ஏதோ இருக்கிறது, அவ்வளவு முக்கியமில்லை. பாட்டு வரிகள் இந்தப் பேண்டிலும் சுமார்தான். இப்போது யாருமே வார்த்தையைத் தெளிவாகச் சொல்வதில்லை. புது பாணி போலிருக்கிறது.

ரிகர்சலில் ஒரு தகராறு. தௌசீஃப் கிட்டாரைக் கீழே வைத்துவிட்டு, "மெதுவா அடிமே, காது கிழியுது!" என்றான். ஆறு வருடத்தில் முதல் தடவை அவன் ஒன்றைக் குறை சொல்கிறான், அதுவும் என் சிம்பலை. நான் எழுந்து வந்துவிட்டேன். வீட்டுக்கு வந்தால் அப்பா: "இன்னாமே இது, டீவி சவுண்டு கல்மண்டபம் வரிக்கும் கேக்குது!" எல்லோருக்கும் இன்று என் மேல்தான் கண்.

நீயாவது என் பக்கம் இரு.
ஜானட்


நவகன்னியர் இல்லம்
06.10.2024

இயேசுவுக்கே புகழ்!

அன்பு அக்கா, சுகமாக இருக்கிறாயா? இதை வழக்கத்துக்காகக் கேட்கவில்லை. பதில் வேண்டும்.

உன் மூன்று கடிதங்களையும் மேசைமேல் வரிசையாக வைத்துப் படித்தேன். இங்கே எனக்கு வேறு பாட்டில்லை, அதனால் அவற்றைத் திரும்பத் திரும்பப் படிக்கிறேன். ஜூனில் ஹை-ஹாட், மெலிசான கிட்டார், பாடுகிறவளின் மூச்சு. எல்லாமே உயரமான, நுணுக்கமான ஒலிகள். ஆகஸ்டில் ஹை-ஹாட் தெரியவில்லை, வார்த்தையில் 'ச'வும் 'த'வும் தொலைகின்றன. செப்டம்பரில் பாஸும் கிக்கும் மட்டுமே. டிரம்ஸ் வாசிக்கிற நீ, ஒரு முழு ஆல்பத்தைப் பற்றி எழுதிவிட்டு, சிம்பலைப் பற்றி எழுதவேயில்லை.

மதுரைக்காரர்களும் எண்ணூர்க்காரர்களும் பேசி வைத்துக்கொண்டு ஒரே தப்பைச் செய்யமாட்டார்கள். அந்த இரண்டு ஆல்பத்துக்கும் பொதுவான ஆள் நீ ஒருத்திதான். பவானி அக்கா தோளைத் தட்டுகிறாள், டீவி கல்மண்டபம் வரை கேட்கிறது, தௌசீஃப்கூட வாயைத் திறந்துவிட்டான்.

தப்பு ஆல்பத்தில் இல்லை அக்கா, உன் காதில் இருக்கிறது. இந்த வாரமே போய்ப் பரிசோதனை செய்துகொள். நான் தப்பாகச் சொல்லியிருந்தால் ஆயுளுக்கும் கேலி செய். தப்பாக இருக்க வேண்டும் என்றுதான் ஜெபிக்கிறேன், ஆனால் தப்பு என்று எனக்குத் தோன்றவில்லை.

ரூத்


நவகன்னியர் இல்லம்
24.11.2024

இயேசுவுக்கே புகழ்!

அன்பு அக்கா, எப்படி இருக்கிறாய்? ஏழு வாரமாகிவிட்டது, உன்னிடமிருந்து ஒரு வரியும் இல்லை. ஞாயிற்றுக்கிழமை தபால் பையைப் பிரிக்கும்போது எனக்கு உன் கையெழுத்து தூரத்திலேயே தெரிந்துவிடும். அதனால் இப்போதெல்லாம் தூரத்திலிருந்தே திரும்பிவிடுகிறேன்.

வருகிற ஞாயிறு முதல் திருவருகைக் காலம். கிறிஸ்துமஸ் வரை நாங்கள் யாருக்கும் எழுத முடியாது, வருகிற கடிதமும் கைக்குக் கிடைக்காது.

நான் எழுதியதில் எந்த வார்த்தையையும் திரும்ப எடுத்துக்கொள்ள மாட்டேன். ஆனால் எழுதிய விதம் உன்னை நோகடித்திருந்தால் மன்னித்துவிடு. கோபமாகவாவது எழுது.

ரூத்


ராயபுரம்
29.12.2024

அன்பு ரூத்துக்கு,

கிறிஸ்துமஸ் நல்லபடியாக நடந்ததா? இங்கே அம்மா, அப்பா, சித்தி மூவரும் சுகம். என் சுகத்தைக் கேட்டிருந்தாய். சொல்கிறேன், மொத்தமாக.

உன் அக்டோபர் கடிதத்தைப் படித்ததும் கிழிக்கப் போனேன். பேண்டை விட்டுப் போனவள், பாட்டே கேட்காதவள், என் காதைப் பற்றிப் பேச இவள் யார் என்று நினைத்தேன். கிழிக்காமல் பெட்டியில் போட்டுப் பூட்டினேன்.

நவம்பர் கடைசி வாரம், மத்தியான ஷிப்ட். புது கம்ப்ரசர் பக்கத்தில் நின்று ரீடிங் எழுதிக்கொண்டிருந்தேன். திடீரென்று பவானி அக்கா பின்னாலிருந்து என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வெளியே ஓடினாள். வால்வு ஒன்று விட்டுப்போய்க் காற்று பீறிட்டுக்கொண்டிருந்திருக்கிறது. அவள் மூச்சு வாங்கிக்கொண்டு கேட்டாள்:

"இன்னாமே நீ! கேட்டாண்ட இருந்தே விசில் கேக்குது. நீ பக்கத்துல நின்னுகினு எழுதிகினு கீறே!"

"எந்த விசில்க்கா?" என்றேன்.

அவள் முகம் மாறியது. அதைப் பார்த்ததும் நீ எழுதியது அத்தனையும் உண்மை என்று எனக்குத் தெரிந்துவிட்டது. ஐந்து நிமிடத்தில் அந்த வால்வு பிய்த்துக்கொண்டு போனது. நான் நின்ற இடத்துக்கு எதிர்ச் சுவரில் ஓட்டை.

மறுநாளே ஆஸ்பத்திரி. ஒரு சின்ன அறையில் உட்கார வைத்து, ஹெட்போன் மாட்டி, சத்தம் கேட்டால் பட்டனை அமுக்கச் சொன்னார்கள். கொஞ்ச நேரம் அமுக்கினேன். பிறகு ஒன்றும் வரவில்லை. "மெஷின் நின்னுபோச்சா சார்?" என்று கேட்டேன். "இல்லமா, ஓடிகினுதான் கீது," என்றார் டெஸ்ட் எடுத்தவர். ரூத், எனக்கு அங்கேயே அழுகை வந்துவிட்டது.

மெல்லிய, உயரமான ஒலிகள் இரண்டு காதிலும் போயிருக்கின்றன. இடது காதில் அதிகம். "பல்லி சத்தம் கேட்டு எத்தனை நாளாச்சு?" என்று டாக்டர் கேட்டார். யோசித்துப் பார்த்தேன். என் வீட்டில் பல்லியே இல்லை என்று நினைத்துக்கொண்டிருந்தேன். கம்ப்ரசரும் டிரம்ஸும் சேர்ந்து ஏழெட்டு வருடமாக அரித்திருக்கின்றன, இந்தப் புது மெஷின் வேகப்படுத்திவிட்டது. போனது திரும்பாது. இருப்பதைக் காப்பாற்றலாம்.

இன்னொன்றும் தெரிந்தது. ஆகஸ்டுக்குப் பிறகு உன்னிடமிருந்து கடிதமே இல்லை என்று சித்தி குறைப்பட்டாள். மாதம் ஒன்றுதான் என்று நீ எழுதியிருந்தாய். சித்திக்குப் போக வேண்டிய முறையையும் எனக்கே எழுதியிருக்கிறாய். நானோ இரண்டுக்குமே பதில் போடவில்லை. நேற்று சித்தியிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். நீ எழுதியதை அவளுக்கு வாசித்துக் காட்டினேன்.

ஆல்பத்தில் நான் வாசிக்கலாமா கூடாதா என்று தெரியவில்லை.

ஜானட்


நவகன்னியர் இல்லம்
05.01.2025

இயேசுவுக்கே புகழ்!

என் அக்கா, நீ உயிரோடு இருக்கிறாய். அதைப் படித்துவிட்டு ரொம்ப நேரம் கோயிலில் உட்கார்ந்திருந்தேன். பவானி அக்காவுக்கு என் வணக்கத்தைச் சொல்.

கேட்டாயே, அதற்கு வருகிறேன். வாசி. டாக்டரிடம் கேட்டு, காதுக்குத் தகுந்த அடைப்பானை மாட்டிக்கொண்டு வாசி. கம்ப்ரசர் ஹவுஸுக்கு மட்டும் திரும்பாதே. உனக்கு ஆனது அங்கே இன்னும் எத்தனை பேருக்கு ஆகியிருக்கிறது? ஆல்பத்தைப் பற்றி எழுதினால் படித்துக் கண்டுபிடிக்க அவர்களுக்கு ஒரு தங்கச்சி இல்லையே.

நவம்பரில் சிஸ்டர் என்னைக் கூப்பிட்டு, "உன் மனசு இங்கேயா, அந்த மேளத்திலா?" என்று கேட்டார். அன்று ஒரு மாதம் அவகாசம் கேட்டேன். உனக்கு எழுதவில்லை, உன் பாரமே போதும் என்று நினைத்தேன். இப்போது சொல்லிவிட்டேன்: இங்கேதான். பாட்டு பிடிக்காமல் நான் வரவில்லை. அதைவிட இது பிடித்து வந்தேன். சொன்னபோது குரல் நடுங்கவில்லை.

ரூத்


ராயபுரம்
16.02.2025

அன்பு ரூத்,

சுகம். காதுக்குப் பின்னால் மாட்டிய இரண்டு கேட்கும் மெஷினோடு சுகம். முதல் நாள் ராயபுரம் எனக்குப் பேஜாராகிவிட்டது. பாலிதீன் கவர் கசக்கினால்கூடத் திடுக்கிடுகிறேன். இப்போது பழகிவிட்டது.

பவானி அக்காவும் நானும் மேனேஜர் அறைக்குப் போனோம். என் ரிப்போர்ட்டை மேசையில் வைத்தேன். "உனக்கு வேற இடம் தந்துடலாம்மா, இத்தப் பெருசு பண்ணாத," என்றார். பவானி அக்கா நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். "இவ ஒருத்திக்கு இல்ல சார், எல்லாருக்கும் டெஸ்ட் எடு. அதுவரிக்கும் யாரும் உள்ள போவமாட்டோம்." மூன்று ஷிப்டும் கேட்டில் நின்றது. இரண்டாம் நாள் டெஸ்ட் வேன் வந்துவிட்டது. நாற்பத்திரண்டு பேரில் பதினான்கு பேருக்குக் குறை. ஒருத்தருக்கும் தெரியவில்லை, என்னைப் போலவே. இப்போது கம்ப்ரசரைச் சுற்றிச் சுவர் எழுப்புகிறார்கள். நான் கண்ட்ரோல் ரூமில்.

ரெக்கார்டிங் முடிந்தது. வாசித்தேன். எட்டுப் பாட்டு. ஆனால் ஐந்தாவதில் சிம்பல் எப்படி வந்திருக்கிறது என்று எனக்கு நிச்சயமில்லை. மெஷின் மாட்டினால் தகரம்போலக் கேட்கிறது, கழற்றினால் கேட்கவேயில்லை. திலீப் நல்லா இருக்கிறது என்கிறான். தௌசீஃப் பழையபடி 'சூப்பர்' ஆகிவிட்டான், என் மேல் பரிதாபம். எனக்குப் பரிதாபப்படாத ஒரு காது வேண்டும்.

இந்த உறைக்குள் ஆல்பத்தைப் பென்டிரைவில் போட்டு வைத்திருக்கிறேன். சிஸ்டர், இதையும் நீங்கள்தான் முதலில் படிப்பீர்கள். ஒரு தடவை அவளுக்குப் போட்டுக் காட்டுங்கள். உங்களைக் கேட்டுக்கொள்கிறேன்.

ஜானட்


நவகன்னியர் இல்லம்
02.03.2025

இயேசுவுக்கே புகழ்!

அன்பு அக்கா, எல்லோரும் நலமா? வருகிற புதன் தவக்காலம் ஆரம்பம், ஈஸ்டர் வரை எழுத முடியாது. அதனால் எல்லாவற்றையும் இன்றே சொல்லிவிடுகிறேன்.

கேட்டேன். அலுவலக அறையில், சிஸ்டர் பக்கத்தில் உட்கார, பத்து மாதத்துக்குப் பிறகு. முதல் பாட்டில் உன் டிரம்ஸ் நுழைந்ததும் என் முழங்கால் தானாக ஆடியது. திலீப் என்னைவிட நன்றாகப் பாடுகிறான். இதை எழுத எனக்கு ஒரு வாரம் பிடித்தது. மூன்றாவது பாட்டு தேவைக்கு மேல் நீளம், இரண்டாம் சரணத்தை வெட்டுங்கள். ஏழாவதுதான் இந்த ஆல்பத்தின் உயிர்.

ஐந்தாவது சரியில்லை. உன் காதைக் குறை சொல்லாதே, சத்தம் அதிகமாகவும் இல்லை. சிம்பல் இருக்க வேண்டிய இடத்தில் எல்லாம் நீ தொட்டுவிட்டு ஓடுகிறாய். யாராவது 'மெதுவா அடி' என்று சொல்லிவிடுவார்களோ என்று பயந்து வாசிக்கிற கை அது. அந்தக் கையை எனக்குத் தெரியாது. மறுபடியும் வாசி.

மே 31 அன்று எனக்கு முதல் வார்த்தைப்பாடு, பீடத்தின் முன் துறவற வாக்குக் கொடுக்கிற நாள். நீ வர வேண்டும்.

ரூத்

(வேறு கையெழுத்தில்) ஐந்தாம் பாட்டு எனக்கும் திருப்தியில்லை. ஏழாவதை இரண்டு முறை போடச் சொன்னேன். சி. தங்கபுஷ்பம்.


ராயபுரம்
27.04.2025

அன்பு ரூத்துக்கும் மதிப்புக்குரிய சிஸ்டருக்கும்,

ஈஸ்டர் வாழ்த்துகள். இங்கே யாவரும் சுகம். சித்தி உனக்குச் சேர்த்து டீ போடுவதை நிறுத்தவில்லை, ஆனால் இப்போது அதைத் தானே குடித்துவிடுகிறாள்.

உன் கடிதத்தைத் தௌசீஃபுக்கும் திலீப்புக்கும் வாசித்துக் காட்டினேன். தௌசீஃப் தலையைக் குனிந்துகொண்டான். "எனுக்கும் அப்டிதான் தோணுச்சு மாமு. உன்னாண்ட சொல்ல மனசு வரல," என்றான். "இனிமே சொல்லு. பொய் சொன்னாத்தான் எனக்குக் கேக்காது," என்றேன்.

ஈஸ்டர் திங்கள் மாதவரத்தில் மறுபடியும் ஐந்தாவது பாட்டு. அடைப்பான் மாட்டிக்கொண்டு உட்கார்ந்தேன். எனக்குக் கேட்பதை நம்பி வாசிப்பதை விட்டுவிட்டேன் ரூத். இத்தனை வருடக் கை, அதற்குத் தெரியும் என்று விட்டேன். எவ்வளவு பலம் வந்ததோ அவ்வளவும் போட்டேன். முடித்து நிமிர்ந்தால் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் தௌசீஃப் 'சூப்பர்' சொல்லவில்லை. எழுந்து நின்று கொண்டிருந்தான். அதுதான் ஆல்பத்தில் இருக்கிறது. மூன்றாவதில் இரண்டாம் சரணத்தையும் வெட்டிவிட்டோம். சிஸ்டரின் ஏழாவது பாட்டைத்தான் முதலில் வெளியிட்டோம்.

எண்ணூர்ப் பசங்களுக்கு மன்னிப்புக் கேட்டு எழுதினேன். மதுரைக்காரர்களுக்கும்.

மே 31 அன்று வேன் வைத்து வருகிறோம். அம்மா, அப்பா, சித்தி, பவானி அக்கா, பேண்டு ஆட்கள் இரண்டு பேர். ஒரு வருடமாக நீ போனதை நினைத்து உன்மேல் கோபமாக இருந்தேன். ஒரு நாளும் அதை நேராக எழுதவில்லை, கேலியாகவே எழுதினேன். இப்போது இல்லை. கோயிலில் இடதுபக்கம், முன் பெஞ்சில் எனக்கு இடம் பிடித்து வை. அப்படி உட்கார்ந்தால்தான் என் வலது காது பீடத்தின் பக்கம் இருக்கும். மைக் வைத்தாலும் வைக்காவிட்டாலும் வார்த்தைப்பாட்டைச் சத்தமாகச் சொல், பாடுவாயே, அந்தக் குரலில். ஒரு எழுத்து விடாமல் கேட்க வேண்டும் என்றுதான் அவ்வளவு தூரம் வருகிறேன்.

உன் அக்கா
ஜானட்